சோலார் விளக்குக்கு எத்தனை வாட்? அளவெடுப்பதில் தொடங்கி மாட்டி முடிக்கும் வரை

போன ஐப்பசியில் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா போன் செய்தார். "தம்பி, 200 வாட்டுன்னு சொல்லித்தான் குடுத்தான். ஒம்பது மணிக்கே கண்ண மூடிக்குது. ஒரு எட்டு வந்து பாரு." போய்ப் பார்த்தேன். விளக்கில் கோளாறு ஒன்றும் இல்லை. பேனலையும் பேட்டரியையும் கணக்குப் போட்டால் அது 3 வாட் விளக்கு.

ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் களம், மாட்டுக்கொட்டகை, மோட்டார் ரூமுக்குப் போகும் வரப்பு என்று ஒவ்வொரு இடமாக நான் சோலார் விளக்கு மாட்டியிருக்கிறேன். முதலில் வாங்கிய இரண்டு வீண். அதற்கப்புறம் சொந்தக்காரர்கள் பலருக்கும் கூடவே போய் வாங்கிக் கொடுத்ததில் ஒன்று புரிந்தது. எல்லோரும் கடையில் தொடங்குகிறார்கள். கடைக்குப் போவது இந்த வேலையில் ஏழாவது படி.

1. கடைக்குக் கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு அளவு டேப், ஒரு தாள், போனில் கால்குலேட்டர். இவற்றோடு ஒரு முழுப் பகல் வேண்டும். விளக்கு வரப்போகும் இடத்தில் காலை 9 மணி, மதியம் 12, மாலை 3 என்று மூன்று முறை நின்று நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

பேனலுக்கு வெயில் கிடைக்காத இடத்தில் எத்தனை வாட் விளக்கு வாங்கினாலும் ஒன்றுதான். தென்னை மரம் இருக்கும் இடத்தில் இதில் ஏமாறுவது சுலபம். மட்டையின் நிழல் மெல்லியதுதானே என்று விட்டுவிடுவோம். ஆனால் பேனலில் செல்கள் வரிசையாகக் கோர்க்கப்பட்டிருக்கின்றன. ஒரு செல்லின் மேல் நிழல் விழுந்தால் அந்த வரிசை முழுவதன் மின்னோட்டமும் இறங்கிவிடும். மூன்று வேளையும் வெயில் விழாத இடம் என்றால் பேனலும் விளக்கும் ஒட்டியிருக்கும் 'ஆல் இன் ஒன்' வகை உங்களுக்கு ஆகாது. பேனல் தனியாக, ஒயரோடு வரும் வகைதான் வேண்டும். இதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

2. அந்த வெளிச்சத்தில் என்ன செய்யப் போகிறீர்கள்?

தாளில் ஒரு வரி எழுதுங்கள். "வரப்பில் பாம்பு கிடந்தால் தெரிய வேண்டும்." "விடியற்காலை நாலரைக்குப் பால் கறக்க வேண்டும்." "களத்தில் மூட்டை கிடக்கும், ஆள் வந்தால் தெரிய வேண்டும்." இந்த மூன்றுக்கும் மூன்று அளவு வெளிச்சம் தேவை.

இங்கே வாட்டையும் லூமனையும் பிரித்துக்கொள்ள வேண்டும். வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரம். லூமன் என்பது அது கக்கும் வெளிச்சம். வீட்டில் மாட்டும் 9 வாட் எல்இடி பல்பு ஏறக்குறைய 900 லூமன் தரும், 20 வாட் எல்இடி டியூப் ஏறக்குறைய 2,000. சோலார் விளக்கில் இருப்பதும் எல்இடிதான். சுமாரானது ஒரு வாட்டுக்கு 100 லூமன், நல்லது 120, 130 தரும். வெயிலில் சார்ஜ் ஆவதால் வெளிச்சம் கூடிவிடாது.

நான் வைத்திருக்கும் கணக்கு அடிக்கணக்கில் இருப்பதால் நம் ஆட்களுக்குச் சுலபம்:

- நடமாட்டத்துக்கு மட்டும்: ஒரு சதுர அடிக்கு அரை லூமன்
- ஆள் முகம் தெரிய, பொருள் எடுக்க, வைக்க: 1 லூமன்
- பால் கறப்பது, தீவனம் கலப்பது போன்ற கைவேலைக்கு: 5 லூமன்

3. இடத்தை அளந்து வாட்டுக்கு வாருங்கள்

எங்கள் களம் 20 அடிக்கு 30 அடி, அதாவது 600 சதுர அடி. ஆள் முகம் தெரிந்தால் போதும் என்பதால் 600 லூமன். ஆனால் திறந்தவெளியில் பாதி வெளிச்சம் வேலிக்கு அந்தப் பக்கமும் வானத்துக்கும் போய்விடும். அதனால் இரண்டால் பெருக்கி 1,200 என்று வைத்துக்கொண்டேன். வாட்டுக்கு 120 லூமன் என்றால் 10 வாட்.

மாட்டுக்கொட்டகை 10 அடிக்கு 12 அடி, 120 சதுர அடி. கைவேலை என்பதால் 5 லூமன் வீதம் 600. கூரையும் சுவரும் இருப்பதால் வீணாவது குறைவு, ஒன்றரையால் பெருக்கினால் போதும். 900 லூமன் வருகிறது, அதாவது 8 அல்லது 9 வாட். வீட்டு பல்பு ஒன்றின் அளவு. கணக்கு சரிதானா என்று சந்தேகம் வந்தால் இப்படித் தெரிந்த பல்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மோட்டார் ரூமுக்குப் போகும் வரப்பு 40 அடி நீளம், 4 அடி அகலம். 160 சதுர அடிக்கு அரை லூமன், இரண்டு மடங்கு ஆக்கினால் மொத்தமே 160 லூமன். 2 வாட்கூட வேண்டாம்.

இந்த எண்களைச் சொன்னால் "அவ்வளவுதானா?" என்று கேட்காத ஆளே இல்லை. மத்திய அரசின் அடல் ஜோதி யோஜனா திட்டத்தில் கிராமத் தெருக்களுக்கு வைத்த சோலார் விளக்குகள் முதல் கட்டத்தில் 7 வாட், இரண்டாம் கட்டத்தில் 12 வாட். தெருவுக்கே அவ்வளவுதான். உங்கள் வாசலுக்கு 200 வாட் என்று யாராவது சொன்னால் அந்த எண்ணுக்கு வேறு ஏதோ அர்த்தம் இருக்கிறது.

4. உயரத்தை முடிவு செய்யுங்கள்

இதை வாட்டுக்கு அடுத்து வைக்கக் காரணம், உயரம் மாறினால் மேலே போட்ட கணக்கு ஆட்டம் காணும். 10 அடியில் இருந்த விளக்கை 20 அடிக்கு ஏற்றினால் நேர் கீழே விழும் வெளிச்சம் கால்வாசியாகிவிடும். பரப்பு கூடும், அடர்த்தி போய்விடும்.

வீட்டுச் சுவர், கொட்டகைத் தூண் என்றால் 8 முதல் 10 அடி. களத்துக்கு ஜி.ஐ. பைப் நட்டால் 12 அடி. பயன்படும் வெளிச்ச வட்டத்தின் குறுக்களவு, உயரத்தைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 12 அடியில் மாட்டினால் 25, 30 அடி வரை தெளிவாகத் தெரியும். உயர வைத்தால் ஊருக்கே தெரியும் என்று 20 அடிக் கம்பத்தில் 10 வாட்டை ஏற்றுகிறவர்கள் உண்டு. ஊருக்குத் தெரியும்தான், காலடியில் இருக்கிற கல் தெரியாது.

நீளமான இடத்துக்கு ஒரு பெரிய விளக்கைவிட இரண்டு சிறியவை மேல். எங்கள் 40 அடி வரப்பில் ஆளுக்கு 1 வாட்டாக இரண்டை வைத்தேன். ஒரே விளக்கு என்றால் அதன் கீழே கண் கூசும், வரப்பின் கோடியில் இருட்டு அப்பியிருக்கும். கண் பழகுவதற்குள் காலை வைத்துவிடுவோம். ஒன்று கெட்டாலும் இன்னொன்று எரியும் என்பதும் ஒரு வசதி.

5. ராத்திரி முழுக்கக் கணக்கு

பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இந்தப் படியைத்தான். மற்றவற்றை விட்டாலும் இதை விடாதீர்கள்.

வாட்டை மணியால் பெருக்கினால் வருவது வாட்-மணி. கரன்ட் பில்லில் பார்க்கும் ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி. நம் பக்கம் மார்கழியில் ராத்திரி பன்னிரண்டரை மணி நேரம், ஆனியில் பதினொன்றேகால் சொச்சம். கணக்குக்கு 12 என்று வைத்துக்கொள்வோம். 10 வாட் விளக்கு விடிய விடிய முழு வெளிச்சத்தில் எரிந்தால் 120 வாட்-மணி.

இப்போது நிதானமாக யோசியுங்கள். இரவு இரண்டு மணிக்குக் களத்தில் முழு வெளிச்சம் எதற்கு? மாலை 6:30 முதல் 10:30 வரை ஆள் நடமாட்டம். அதற்குப் பிறகு 3 வாட் போதும். நாலு மணி நேரம் 10 வாட் என்றால் 40, எட்டு மணி நேரம் 3 வாட் என்றால் 24. மொத்தம் 64 வாட்-மணி. விளக்கை மாற்றாமலே தேவை பாதியாகிவிட்டது. ரிமோட்டில் நேரமும் வெளிச்சமும் தனித்தனியாக வைக்க முடிகிற விளக்கு எதற்கு என்று கேட்டால், இதற்குத்தான்.

ஆள் அசைந்தால் பிரகாசமாகும் சென்சார் இருந்தால் இன்னும் மிச்சம். ஆனால் இரண்டு விஷயம். அது உடல் சூட்டைப் பின்னணியோடு ஒப்பிட்டுத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறது. சித்திரை மாதத்தில் தரையும் சுவரும் நம் உடம்பு அளவுக்குக் கொதித்துக் கிடக்கும்போது அது தடுமாறும், கிட்டே போன பிறகுதான் விழிக்கும். அப்புறம் நாய், மாடு, பூனை எல்லாமே அதற்கு ஆள்தான். மாட்டுக்கொட்டகையில் சென்சார் வகையை மாட்டி, ராத்திரி முழுக்க மாடு தலையை ஆட்ட ஆட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். மாட்டுக்கும் தூக்கம் போச்சு, பேட்டரியும் போச்சு.

6. பேட்டரி, பிறகு பேனல். இந்த வரிசையில்தான்

பேட்டரி ஒரு ராத்திரிக்கு மட்டும் தாங்கினால் போதாது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் இரண்டு, மூன்று நாள் சூரியன் எட்டிப்பார்க்காது. குறைந்தது இரண்டு ராத்திரிக்குக் கணக்கிடுங்கள். 64-ஐ இரண்டால் பெருக்கினால் 128. லித்தியம் பாஸ்பேட் பேட்டரியை அடிவரை வழிக்காமல் 80 சதவீதம் மட்டும் பயன்படுத்துவது என்று வைத்தால் 128 ÷ 0.8 = 160 வாட்-மணி.

பேட்டரி மேல் வோல்ட், ஆம்பியர்-மணி என்று இரண்டு எண் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் வாட்-மணி. 12.8 வோல்ட், 12 ஆம்பியர்-மணி என்றால் 154. நம் களத்துக்குக் கிட்டத்தட்டச் சரி. இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. சின்ன விளக்குகளில் பேட்டரி 3.2 வோல்ட். "12 ஆம்பியர் பேட்டரி சார்" என்று கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் 3.2 × 12 = 38 வாட்-மணிதான். ஆம்பியரை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள்.

பழைய ஈய-அமில பேட்டரி என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, அதனால் அளவு கூடும். அதே 128-க்கு 256 வாட்-மணி வேண்டும்.

இனி பேனல். தினமும் 64 வாட்-மணி வேண்டும். சூடு, தூசி, சார்ஜை ஒழுங்குபடுத்தும் கன்ட்ரோலர், பேட்டரி என்று வழியில் 30 சதவீதமாவது போகும். 64 ÷ 0.7 = 91. தமிழ்நாட்டில் ஆண்டுச் சராசரியாக ஒரு நாளைக்கு 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கிறது, அதை வைத்துக் கணக்குப் போட்டால் மழைக்காலத்தில் மாட்டிக்கொள்வோம். நான் மூன்றரை மணி என்று எடுப்பேன். 91 ÷ 3.5 = 26 வாட். இது அன்றைய செலவுக்கு மட்டும். மழைக்குப் பிறகு காலியான பேட்டரியையும் நிரப்ப வேண்டுமே? அதனால் 40 வாட் பேனல்.

ஆகக் களத்துக்கு 10 வாட் விளக்கு, 154 வாட்-மணி பேட்டரி, 40 வாட் பேனல். தாளில் இதை எழுதிக்கொண்டால் இப்போது கடைக்குப் போகலாம்.

7. கடையில் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கம் கொட்டை எழுத்தில் இருக்கும் 100, 200, 300 எதையும் படிக்காதீர்கள். விலைக்காக வைத்த பெயர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். டேப்பை எடுத்துப் பேனலை அளக்க வேண்டும்.

ஒரு சதுர அடி பேனல் உச்சி வெயிலில் 18 வாட்டைத் தாண்டுவது அரிது. சுமாரான பேனல் என்றால் 12, 13. பெரியப்பா வாங்கிய "200 வாட்" விளக்கின் பேனல் 14 அங்குலத்துக்கு 9 அங்குலம், ஒரு சதுர அடிக்கும் குறைவு. நல்ல பேனல் என்று சலுகை கொடுத்தாலும் 16 வாட். மழைக்கால மூன்றரை மணி நேரத்தில் வீணானது போக 39 வாட்-மணி. பேட்டரி 3.2 வோல்ட், 15 ஆம்பியர்-மணி, அதாவது 48. பன்னிரண்டு மணி நேரத்துக்கு 39-ஐப் பங்கு போட்டால் சராசரி 3 வாட்டும் கொஞ்சமும். அது முழு வெளிச்சத்திலேயே எரியும்படி வைக்கப்பட்டிருந்தது. ஒன்பது மணிக்குக் கண்ணை மூடாமல் என்ன செய்யும்?

இந்தத் தலைகீழ்க் கணக்கைப் போனில் போட அரை நிமிடம் ஆகும். அதைப் பெட்டியின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம், உங்கள் தாளில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

பேட்டரி எண்ணையும் நம்பிவிட முடியாது. அதற்கு எடை ஒரு நல்ல சாட்சி. லித்தியம் பாஸ்பேட் செல் 100 வாட்-மணிக்கு முக்கால் கிலோவாவது இருக்கும். 154 வாட்-மணி என்று எழுதிய பேட்டரி கையில் பஞ்சு மாதிரி இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். கட்டைவிரல் பருமனில் வரும் 18650 செல்லில் 3,500 மில்லியாம்பியர்-மணிக்கு மேல் கிடைப்பது அரிது. 9,900 என்று அச்சடித்திருந்தால் கடையையே மாற்றுவது நல்லது.

மழையில் நிற்கப்போகும் விளக்கு என்றால், தூசியும் மழைத்தண்ணீரும் உள்ளே போகாது என்பதற்கான ஐபி65 என்ற குறி பெட்டியில் இருக்கட்டும். நிறத்தையும் கேளுங்கள். தூய வெள்ளையைவிட இளமஞ்சளுக்குப் பூச்சி குறைவாக வரும், லூமன் மட்டும் கொஞ்சம் குறையும். முதல் மழைக்கு ஈசல் கிளம்பும் அன்று இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஈசலுக்குத் தவளை வரும், தவளைக்குப் பாம்பு வரும். பாம்புக்காகத்தானே விளக்கே வைத்தோம்.

8. மாட்டுவதற்கு முன் ஒரு நாள் காய வையுங்கள்

பெட்டியில் மாதக்கணக்கில் கிடந்த பேட்டரி பாதி காலியாக வரும். அன்றைக்கே மாட்டினால் முதல் ராத்திரியே அடி வரை இறங்கி, "மோசமான விளக்கு" என்ற பெயர் வாங்கிவிடும். விளக்கை அணைத்துவைத்து, பேனலை ஒன்றிரண்டு நாள் வெயிலில் போடுங்கள். சில விளக்குகளில் மெயின் சுவிட்ச் 'ஆன்' ஆனால்தான் சார்ஜே ஏறும். பெட்டியோடு வரும் குறிப்புத்தாளில் அதை மட்டுமாவது படியுங்கள்.

பிறகு துணியால் பேனலை மூடிப் பாருங்கள். விளக்கு எரிய வேண்டும். பெரும்பாலான விளக்குகளுக்கு இருட்டா, பகலா என்று சொல்வது பேனல்தான். அதனால்தான் தெருவிளக்கின் வெளிச்சம் பேனல் மேல் விழும் இடத்தில் மாட்டினால் ராத்திரியிலும் பகல் என்று நினைத்துக்கொண்டு எரியாமல் இருக்கும். கெட்டுப்போனது என்று திருப்பிக் கொடுக்க வந்த ஒருவருக்கு விளக்கை நாலடி தள்ளி மாட்டச் சொன்னேன், சரியாகிவிட்டது.

9. மாட்டும்போது

பேனல் தெற்குப் பார்த்து, 10 முதல் 15 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். தட்டையாகப் படுக்க வைத்தால் தூசியும் காக்கை எச்சமும் அப்படியே தங்கும். சாய்வு இருந்தால் மழையே பாதி கழுவிவிடும். ஆல் இன் ஒன் வகையில் சுவரின் திசைதான் பேனலின் திசை. வடக்குப் பார்த்த சுவரில் அதை மாட்டிவிட்டு வாட் போதவில்லை என்று சொல்லக் கூடாது.

ஒயர் எட்டவில்லை என்று கையில் கிடைத்ததை ஒட்டுப் போடாதீர்கள். 10 வாட், 6 வோல்ட் பேனலுக்கு, கூடவே வருகிற மாதிரி நூல் போன்ற ஒயரில் இன்னும் 10 மீட்டர் சேர்த்தால் ஒன்றரை, இரண்டு வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். தூரம் அதிகம் என்றால் தடிமனான செம்பு ஒயர் வாங்குங்கள், அல்லது 12 வோல்ட் விளக்குக்குப் போங்கள். அதே வாட்டுக்கு மின்னோட்டம் பாதி, இழப்பு அதைவிடக் குறைவு.

10. முதல் மூன்று நாள், பிறகு முதல் அடைமழை

மாட்டிய பிறகு மூன்று நாள் விடியற்காலை 5 மணிக்கு எழுந்து ஒரு பார்வை பாருங்கள். எரிந்தால் சரி. மங்கியோ அணைந்தோ இருந்தால் எத்தனை மணிக்கு அணைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். நல்ல வெயில் அடித்த நாளுக்கு அடுத்த விடியலிலும் அணைந்திருந்தால் பேனலில் நிழலோ அழுக்கோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். மூன்று நாள் மழைக்குப் பிறகு மட்டும் அணைந்தால் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ரிமோட்டில் பின்னிரவு வெளிச்சத்தை ஒரு படி இறக்குங்கள். எங்கள் களத்து விளக்கை ஐப்பசி பிறந்ததும் 3 வாட்டிலிருந்து 2 வாட்டுக்கு இறக்கிவிடுவேன், தை பிறந்ததும் ஏற்றிவிடுவேன். மாசி, பங்குனியில் புழுதி அதிகம் என்பதால் பத்து நாளைக்கு ஒருமுறை பேனலை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வெயில் ஏறும் முன் காலையில் துடையுங்கள், வெயிலில் சூடேறிய கண்ணாடியில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.